மும்பைத் தமிழர் வழக்கில் கொடியேற்றம்

ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கப்பட்ட நகரம் மும்பை. அத்தீவுகளின் பழங்குடியினராகிய கோளி மீனவர்களின் குடியிருப்பு ‘கோளிவாடா’ எனப்படும். 1909ஆம் ஆண்டின் பம்பாய் நகர விவரச்சுவடி, பெரிய கோளிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகின்றது. அதனை அடுத்த சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டபின், திருநெல்வேலிப் பகுதியினர் பலர் தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்து அங்குக் குடியேறினர். மாட்டுங்காவில் அலுவலகப் பணியினர் மிகுதி. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தொடங்கப்பெற்றது. செம்பூர்க் குடியேற்றம் காலத்தால் பிந்தியது.

இக்குடியேற்றங்கள் சொற்களிலும் தடம் பதித்துள்ளன. மராத்தியில் ‘கோளி’ மீனவரையும் ‘கோலி’ அறையையும் குறிக்கும். பின்னதன் மூச்சொலி தமிழில் மறைந்துவிட்ட போதிலும், லகர ளகர வேறுபாடு இரு மொழிகளுக்கும் பொதுவாதலால் பொருள் மயக்கம் நேர்வதில்லை. செம்பூர் என்னும் பெயர் தமிழ் ஊர்ப்பெயர் போலவே ஒலிப்பதும் வசதியாயிற்று; அங்குள்ள முருகன் கோயில், திருச்செந்தூரை நினைவூட்டும்படி ‘திருச்செம்பூர்’ என வழங்கப்படுகின்றது.

விழாச் சொற்களுள் தனியே ஆராயத்தக்கது ‘கொடியேற்றம்’. தமிழில் இது முதற்கண் கோயில் வழக்கு. திருவிழாத் தொடக்கத்தில் கொடிமரத்தில் கொடி ஏற்றுவதைக் குறிப்பது. நாட்டு விடுதலைக்குப் பின், ஆகஸ்டு 15, ஜனவரி 26 ஆகிய நாள்களில் நிகழும் தேசியக்கொடி நிகழ்ச்சியையும் இச்சொல்லே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் இவ்விரு பொருள்களும் இடர்ப்பாடின்றி உடன் வாழ்கின்றன. மும்பையில் நிலைமை வேறு. அந்நகரப் பள்ளிகளில் தேசியக்கொடி நிகழ்ச்சிக்குரிய பொதுச்சொல் ‘ஜெண்டாவந்தன்’ என்னும் மராத்திச் சொல்லாகும். தமிழ்ச்சொல் கொடியை ஏற்றும் செயலைச் சுட்ட, மராத்திச்சொல் கொடியை வணங்குதலைச் சுட்டுகின்றது. 1960 மே 1 அன்று மொழிவழி மாநிலமாக மகாராட்டிரம் அமைந்தபின், அந்நாளும் கொடியேற்றும் நாளாயிற்று.

இந்நகரில் தேசிய விழாவினைத் தமிழில் நிகழ்த்துதற்கு வாய்ப்பளித்த இடங்களுள் முதன்மையானவை மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகள் எனலாம். மும்பை மாநகராட்சி பல மொழிகளில் பள்ளிகள் நடத்துகின்றது; தமிழும் அவற்றுள் ஒன்று. அறிவிப்பு, வரவேற்புரை, மாணவர் பேச்சு ஆகியவற்றில் ‘குடியரசு நாள்’, ‘விடுதலை நாள்’, ‘கொடியேற்றம்’ போன்றவை வாய்மொழியாக வழங்குவதற்குரிய களம் அது. பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடுவதால் இப்பள்ளிகளில் சேர்க்கை சுருங்கி வருகின்றது. இதில் பெற்றோரைக் குறைகூறுவதற்கில்லை. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைக் கண்ட குடும்பங்கள், வேலைக்கும் பாதுகாப்புக்கும் உதவும் மொழியைத் தேர்வது இயல்பே.

பொங்கலின் நிலை இதற்கு மாறானது. மகாராட்டிர அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் அதற்கு வழக்கமாக இடமில்லை. ஆயினும் தாராவியின் 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். பானை, கரும்பு, மஞ்சள், குலவை ஆகிய சொற்கள் பள்ளியின் துணையின்றியே தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. ‘குடியரசு’ என்னும் சொல்லுக்கு அத்தகைய வீட்டுவழி இல்லை. தமிழ்வழி வகுப்பு மூடப்படும்போது, ‘கொடியேற்றம்’ தன் குடிமைப் பொருளை ‘ஜெண்டாவந்த’னுக்கு விட்டுக்கொடுத்து, மீண்டும் கோயிற்சொல்லாக மட்டுமே நிற்கும் வாய்ப்பு மிகுதி.