பச்சை மேசை – 9: பதினைந்து சீட்டுகளின் பலம்

2003 மே மாதம். லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. தலைக்கு 10,000 டாலர் கட்டணத்தில் தொடங்கிய 839 பேரில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சாமி ஃபார்ஹா. பெய்ரூட்டில் பிறந்தவர், பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்தபடியே ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர். எதிரே கிறிஸ் மணிமேக்கர். டென்னசி மாநிலத்தில் கணக்கர் வேலை பார்த்த 27 வயது இளைஞர். 86 டாலர் கட்டி ஆடிய இணையத் தகுதிப் போட்டி வழியாக உள்ளே நுழைந்தவர். வெல்பவருக்கு 25 லட்சம் டாலர்.

நோ லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்கும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். எந்தக் கட்டத்திலும் முன்னால் இருக்கும் சிப்புகள் முழுவதையும் நடுவில் தள்ளலாம். அதைத் தடுக்க வரம்பு கிடையாது. மூணு சீட்டு ஆடியவர்களுக்கு எதிராளியை மிரட்டிச் சீட்டைக் கவிழ்க்கவைக்கும் வித்தை புதிதல்ல. ஆனால் மூணு சீட்டில் கைக்கு வந்த சீட்டு வந்ததுதான். ஹோல்டெமில் அடுத்துத் திறக்கும் சீட்டு மோசமான கையைக்கூடத் தூக்கி நிறுத்திவிடும். எப்போது அடித்து ஆடுவது என்ற கேள்வி இங்கே கணக்குப் பாடமாக மாறுவது அதனால்தான்.

அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில் மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் ஏழும். ஃபார்ஹா கையில் இஸ்பேட் ராணியும் ஆட்டின் ஒன்பதும். மணிமேக்கர் 1 லட்சம் சிப்புக்கு உயர்த்த, ஃபார்ஹா ஈடுகட்டினார். முதல் மூன்று பொதுச் சீட்டுகள்: இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி அமைந்துவிட்டது. இருவருமே பந்தயம் கட்டவில்லை. நான்காவதாக இஸ்பேட் எட்டு விழுந்தது. ஃபார்ஹா 3 லட்சம் கட்டினார். மணிமேக்கர் அதை 8 லட்சமாக உயர்த்தினார்.

அந்த ஆட்டத்தின் உயிர்நாடி இந்த 8 லட்சம்தான். அப்போது மணிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் மேசையில் மூன்று, கையில் ஒன்று என நான்கு இஸ்பேட். இன்னொன்று வந்தால் ஃப்ளஷ். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாக நிற்கின்றன. ஐந்தோ பத்தோ வந்தால் ஸ்ட்ரைட். அவர் கண்ணில் படாத 46 சீட்டுகளில் ஒன்பது இஸ்பேட், அதற்கு வெளியே மூன்று ஐந்து, மூன்று பத்து. ஆக 15 சீட்டுகள் அவருக்குத் துணை. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு!

ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்கலாம். நடுவில் கிடந்தது ஏறத்தாழ 5 லட்சம். அதைப் பறிக்க 8 லட்சத்தைப் பணயம் வைக்கிறார். கையில் எதுவுமே இல்லாத வெறும் பிளஃப் என்றால், நூற்றுக்கு 62 முறையாவது எதிராளி சீட்டைக் கவிழ்த்தால்தான் கட்டுப்படியாகும். அந்த 15 சீட்டுகளில் எது வந்தாலும் வெற்றி, அதற்குமேல் பந்தயம் கிடையாது என்று வைத்துக்கொண்டால், அதே பந்தயத்துக்கு நூற்றுக்கு 30 முறை போதும். எதிராளி பயந்து விலகினாலும் லாபம். விலகாவிட்டாலும் அடுத்த சீட்டு காப்பாற்றலாம். போக்கர் கோட்பாட்டாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு ‘செமி பிளஃப்’ என்று பெயர் வைத்தார். 1976, 1977 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வென்ற டாயில் பிரன்சனின் அதிரடிப் பாணிக்கும் இதுவே அடித்தளம். துணிச்சல் என்று வெளியே தெரிந்ததற்குப் பின்னால் எப்போதும் ஒரு மாற்று வழி இருந்தது.

ஃபார்ஹா விலகவில்லை, 8 லட்சத்துக்கும் ஈடுகட்டினார். கடைசிச் சீட்டு ஆட்டின் மூன்று. மணிமேக்கருக்கு எதுவும் தேறவில்லை. ஃபார்ஹா பந்தயம் கட்டாமல் விட, மணிமேக்கர் ‘ஆல் இன்’ என்றார்.

தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது இந்தக் காட்சியைத்தான். வர்ணனையாளர் நார்மன் சாட் இதை நூற்றாண்டின் பிளஃப் என்றே வர்ணித்தார். ஆனால் அந்தப் பந்தயத்துக்கு நம்பகத்தன்மை கொடுத்தது முந்தைய உயர்த்தல். இஸ்பேட் எட்டு விழுந்த கணத்திலேயே சீறிய ஒருவர் கடைசியிலும் சீறினால், ஃப்ளஷோ ஸ்ட்ரைட்டோ அமைந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு கடைசியில் மட்டும் பாய்ந்திருந்தால் அந்தக் கதை எடுபட்டிருக்காது. ஃபார்ஹா வெகுநேரம் யோசித்தார். ஃப்ளஷ் தவறிவிட்டதுதானே என்று எதிராளியிடம் வாய்விட்டே கேட்டார். ஊகம் சரி. ஆனாலும் ஜெயிக்க வேண்டிய ஒன்பது ஜோடியைக் கவிழ்த்துவிட்டார்.

அடித்து ஆடாமல் வென்ற ஆட்டம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1988-ல் இதே போட்டியின் இறுதியில் ஜானி சானுக்கு எதிரே எரிக் சைடல். சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். மேசையில் ராணி, பத்து, எட்டு. முதல் மூன்று சீட்டிலேயே ஸ்ட்ரைட் முழுமை. சைடலுக்கு ராணி ஜோடி. அங்கே சான் ஆவேசமாகப் பந்தயத்தை ஏற்றியிருந்தால் சைடல் தப்பித்திருக்கக்கூடும். சான் பொறுத்தார். கடைசிச் சீட்டு விழுந்ததும் சைடலே ஆல் இன் சொல்லிச் சிக்கினார். எதிராளி கவிழ்ப்பதால் லாபம் என்றால் அடிக்க வேண்டும். அவர் தொடர்ந்து வருவதுதான் லாபம் என்றால், அவர் எந்தத் தொகைக்கு வருவார் என்று பார்க்க வேண்டும். சான் பார்த்தது அதைத்தான்.

2017-ல் இதை ஓர் இயந்திரம் உரைத்துக் காட்டியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நோம் பிரவுனும் தூமஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், பிட்ஸ்பர்க்கில் 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி நான்கு தொழில்முறை வீரர்களை வீழ்த்தியது. நடுவில் இருப்பதைப்போலப் பல மடங்கு பந்தயம் கட்டி அது அவர்களைத் திணறடித்தது. அதற்குப் பயமோ வீறாப்போ கிடையாது. எண்கள் சொன்னதைச் செய்தது. கடைசிச் சீட்டுக்குப் பின் நடுவில் உள்ள தொகைக்குச் சமமாகக் கட்டுபவர், இரண்டு நல்ல கைகளுக்கு ஒரு பிளஃப் என்று கலந்தால் எதிராளிக்கு ஈடுகட்டுவதும் கவிழ்ப்பதும் ஒன்றாகிவிடும். இருமடங்கு கட்டினால் மூன்றுக்கு இரண்டு பிளஃப் வரை தாங்கும். பந்தயம் பெரிதாகப் பெரிதாகப் பொய்க்கும் இடம் கூடுகிறது.

2003-க்குத் திரும்பினால், அந்த பிளஃபுக்குப் பின் ஆட்டம் நெடுநேரம் நீளவில்லை. ஜாக்கி, ஐந்து, நான்கு என்று பொதுச் சீட்டுகள் விழுந்தன. ஃபார்ஹா கையில் ஜாக்கியும் பத்தும். மறுபடியும் மேசையின் உச்ச ஜோடி. இம்முறை அவர் கவிழ்க்கவில்லை, மொத்தச் சிப்புகளும் நடுவுக்குப் போயின. மணிமேக்கர் காட்டியது ஐந்தும் நான்கும். கடைசிச் சீட்டாக இன்னோர் ஐந்து விழுந்து அது ஃபுல் ஹவுஸ் ஆனது.

(தொடரும்)