கண்டலமவும் நமது வகுப்பறையும்

"வரலாற்றுச் சிறப்புமிக்க இடத்துக்கு அருகே, மின்சாரத்தை விரயம் செய்யாத நவீன கட்டடம் ஒன்றை எவ்வாறு அமைக்கலாம்?" இவ்வாறான வினாவுக்கு மாணவர் பலர் முதல் வரியிலேயே சூரிய மின்கலத்தை எழுதி விடுகின்றனர். அது பிழையன்று, ஆனால் கடைசியாகச் சேர்க்க வேண்டியது. கட்டடம் எங்கே நிற்கும், எத்திசையை நோக்கும், நிழல் எங்கிருந்து வரும் என்பவையே முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும்.

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919-2003) அமைத்த கண்டலம ஹோட்டலை உதாரணமாக எடுப்போம். இது 1994இல் திறக்கப்பட்டது. சீகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்டவே உரிமையாளர்கள் முதலில் எண்ணினர். 1982 முதல் உலக மரபுரிமைத் தலமாக உள்ள அவ்விடத்தைப் பாவா ஏற்கவில்லை. தம்புள்ளைக்கு அருகே கண்டலமக் குளத்தின் ஓரத்தைத் தெரிவு செய்தார். அங்கிருந்து பார்த்தால் நீர்ப்பரப்புக்கு அப்பால், தூரத்தில் சீகிரியா தெரியும்.

ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான இக்கட்டடம் பாறைச் சரிவை ஒட்டித் தூண்களின் மேல் நிற்கிறது; மழைநீர் அடியால் ஓடிவிடும். முகப்பிலும் கூரையிலும் செடிகொடிகள் படர்ந்திருப்பதால் வெயில் கொங்கிறீற்றில் நேரே படுவது குறைவு. வரவேற்புக் கூடமும் நடைபாதைகளும் திறந்தவை. அங்கு காற்றே குளிரூட்டி. தங்கும் அறைகளுக்குக் குளிரூட்டி உண்டு. ஆகவே விடையில் மிகைப்படுத்த வேண்டாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' சான்றிதழ் இதற்குக் கிடைத்தது. ஆயினும் கட்டுவதற்கு முன், குளம் மாசடையும் என அஞ்சிப் பௌத்த பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தனர். அதையும் எழுதுங்கள்.

ஹோட்டல் பொது நிறுவனம் அல்லவே எனக் கேட்பீர்கள். மாத்தறை வெல்லமடமவில் ருஹுணு பல்கலைக்கழகத்தை 1980களில் அமைத்தவரும் பாவாவே. குன்றுகளின் சரிவுக்கேற்பக் கட்டடங்களைப் பிரித்து வைத்து, கூரையிட்ட நடைபாதைகளால் இணைத்தார்.

இனித் திசை. இலங்கை ஏறத்தாழ வடக்கு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் உள்ளது. நண்பகற் சூரியன் உயரே நிற்பதால் வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய தாழ்வாரமே நிழல் தரும். காலை, மாலைகளில் தாழ வரும் வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களைச் சுடும். எனவே நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குவது நல்லது.

கல்முனையில் இது இலகுவல்ல. பிரதான வீதி கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடுகிறது. வீதியைப் பார்த்துக் கட்டினால் நீளச் சுவர் வெயிலுக்கு முகம் கொடுக்கும். பிற்பகற் கடற்காற்றோ கிழக்கிலிருந்து வருகிறது. அந்நிலையில் கிழக்கே பெரிய யன்னல்கள், மேற்கே அகலமான விறாந்தையும் வேப்பமரங்களும், உட்புகுந்த காற்று வெளியேற மேற்குச் சுவரின் மேற்பகுதியில் துவாரங்கள் என அமைக்கலாம். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கு யன்னல்களைச் சாத்த வேண்டிவரும். நமது ரியூசன் மண்டபம் மேற்குப் பார்த்தது, தகரக் கூரை வேறு. மாலை வகுப்பில் விசிறியின் கீழ் இடத்துக்கு நீங்கள் போட்டியிடும் காரணம் இப்போது விளங்கும்.

பயிற்சி: உங்கள் பாடசாலைக் கட்டடம் ஒன்றின் படத்தை வரைந்து வடக்குத் திசையைக் குறிக்க. பிற்பகல் 3 மணிக்கு வெயில் படும் சுவரைக் காட்டி, மின்சாரமின்றி அதன் வெப்பத்தைக் குறைக்கும் இரு வழிகளை விளக்குக.