'மஞ்சள் கெட்டில்' பந்தயத்தில் ஜெயித்தது எப்படி?

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்று ஓர் ஊர். கார் பந்தயத்துக்குப் பேர் போன இடம். 1977-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஒரு மஞ்சள் நிறக் கார் வந்து நின்றது.

பிரான்சு நாட்டு ரெனோ கம்பெனி செய்த கார் அது. ஓட்டியவர் ழான் பியர் ஜபூய். பிரெஞ்சுக்காரர். என்ஜின் நுணுக்கமும் அறிந்தவர்.

பந்தயம் தொடங்கியது. கால் பங்கு தூரம் ஓடியது. அவ்வளவுதான், கார் நின்றுவிட்டது!

அடுத்தடுத்த பந்தயங்களிலும் இதே கதிதான். புகையைக் கக்கிக்கொண்டு ஓரம் கட்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "மஞ்சள் டீக் கெட்டில்" என்று பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள்.

ஆனால், கம்பெனிக்காரர்கள் கெட்டிலைத் தூக்கி எறியவில்லை. அதன் வயிற்றில் ஓடிய காற்றைக் கவனித்தார்கள்.

பாதி என்ஜின்

அந்தப் பந்தயத்துக்கு அப்போது ஒரு விதி இருந்தது. சாதாரண என்ஜின் என்றால் 3 லிட்டர் அளவு இருக்கலாம். காற்றை அழுத்தித் திணிக்கும் என்ஜின் என்றால் ஒன்றரை லிட்டர்தான். சரி பாதி!

மற்றக் கம்பெனிகள் பெரிய என்ஜினையே வைத்துக்கொண்டன. ரெனோ மட்டும் பாதி என்ஜினை எடுத்துக்கொண்டது. அதற்குத் துணையாக 'டர்போ' என்ற சக்கரத்தைப் பூட்டியது.

கொல்லன் உலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். துருத்தியை அமுக்கினால் தீ சீறுகிறது. காற்று அதிகம் போனால் தீ அதிகம். என்ஜினுக்கு டர்போதான் துருத்தி. அதை இயக்க ஆள் வேண்டாம். என்ஜின் கக்கும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் மறுபுறம் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து உள்ளே திணிக்கும். வேகம் என்ன தெரியுமா? இன்றைய சிறிய கார்களின் டர்போ நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்!

வீணாகப் போகும் புகையைக் கொண்டே கூடுதல் பலம்! பிறகு ஏன் மஞ்சள் கார் நின்று நின்று போயிற்று?

சூடுதான் எதிரி

சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்காக அழுத்தினால், சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும்.

சூடான காற்று விரிந்துகொள்ளும். ஆகவே அதே இடத்தில் குறைவான காற்றுதான் அடங்கும். அதோடு போகாது. பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுந்தாலும் விழும்.

அதனால் டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு குளிர்விக்கும் பெட்டி வைக்கிறார்கள். அதுதான் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டர் மாதிரி இருக்கும். 120 டிகிரியில் நுழையும் காற்று 60 டிகிரியில் வெளியே வந்தால், அதே இடத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு காற்று கூடுதலாக அடங்கும்.

பெட்டி வந்தால் குழாயும் வரவேண்டும் அல்லவா? டர்போவிலிருந்து பெட்டிக்கு ஒரு குழாய். பெட்டியிலிருந்து என்ஜினுக்கு ஒரு குழாய். சண்டை இங்கேதான். குழாய் முழுவதும் காற்று நிரம்பி, அழுத்தம் ஏறிய பிறகுதான் என்ஜினுக்குப் பலம் கிடைக்கும். டர்போ சக்கரம் பெரியதாக இருந்தால் அது வேகம் பிடிக்கவும் நேரமாகும். ஜபூய் காலால் மிதிப்பார். கார் யோசிக்கும். பிறகு திடீரென்று பாயும்! வளைவில் இப்படிப் பாய்ந்தால் என்ன ஆகும்? வளைவு முடியும் முன்பே, கணக்குப் போட்டு அவர் மிதிக்க வேண்டியிருந்தது.

ஒன்று இரண்டானது

1978-ல் அமெரிக்காவில் 4-வது இடம் கிடைத்தது. 1979 மார்ச்சில் தென் ஆப்பிரிக்காவில் எல்லோருக்கும் முன்னால் நின்று புறப்படும் இடமே கிடைத்தது. அந்த மைதானம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் மற்ற என்ஜின்கள் மூச்சு வாங்கின. டர்போவுக்கு அந்தக் கவலை குறைவு.

அதே ஆண்டு ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு, இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். என்ஜினின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. சின்னச் சக்கரம் சட்டென்று வேகம் பிடித்தது. இரு பக்கத்துப் புகையையும் ஒரே இடத்துக்குச் சுற்றிக் கொண்டுவரும் வேலையும் ஒழிந்தது.

1979 ஜூலை 1-ந் தேதி. பிரான்சில் டிஜோன் நகரம். 80 சுற்றுப் பந்தயம். முதல் 46 சுற்றுகளில் பெராரி காரில் வந்த கனடா வீரர் வில்நவ் முன்னால் போனார். பிறகு ஜபூய் அவரைத் தாண்டினார். கடைசிவரை விடவில்லை. அந்த வகைப் பந்தயத்தில் டர்போ கார் பெற்ற முதல் வெற்றி அது!

வேடிக்கை என்னவென்றால், ரசிகர்கள் இன்றும் பேசுவது 2-வது இடத்துக்கு நடந்த போட்டியைத்தான். வில்நவும் இன்னொரு ரெனோ வீரரான அர்னூவும் உரசிக்கொண்டே ஓடினார்கள். வில்நவ் கால் நொடி வித்தியாசத்தில் முந்தினார். பாவம் ஜபூய், ஜெயித்தும் பேச்சில் தோற்றார். 2023-ல் காலமானார்.

பிறகு மற்றக் கம்பெனிகளும் டர்போவுக்கு ஓடிவந்தன. பலம் மிதமிஞ்சிப் போனதால் 1989-ல் தடை போட்டார்கள். 2014-ல் டர்போ திரும்பி வந்தது.

வீட்டுக் காரில்

இன்று குடும்பக் கார்களிலும் டர்போ உண்டு. டீசல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அவற்றின் காற்றுக்குழாய் பெரும்பாலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ரப்பர் உப்பும், வெடிக்கும், மூட்டை விட்டுக் கழன்று வரும். மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்காது. "உஸ்" என்று சத்தம் கேட்கும். டீசல் வண்டி கரும்புகை விடும். லாரிக்குப் பின்னால் முந்தப் போகும் நேரத்தில் பலம் போய்விட்டால் ஆபத்து யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

சில இளைஞர்கள் ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியக் குழாய் போடுகிறார்கள். மூட்டுக்குச் சிலிக்கோன் ஹோஸ். அழுத்தத்தில் இது உப்பாது, நல்லதுதான். ஆனால் குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம் என்று நினைப்பது சரியல்ல. அகலக் குழாய் நிரம்பவும் நேரம் வேண்டும். மட்டமான இன்டர்கூலரை வைத்துக்கொண்டு பளபளக்கும் குழாய் மாட்டுவது, பழைய வேட்டிக்குப் பட்டுக்கரை வைத்த மாதிரி! கம்பெனி உத்தரவாதம் போகவும் கூடும். மாற்றும் முன் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

குழாயின் முனையில் மோதிரம் போல் ஒரு மேடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை இறுக்கினாலும் ஹோஸ் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மாட்டும் முன் எண்ணெயை நன்றாகத் துடைக்க வேண்டும்.

பல வண்டிகளில் மாற்றமே தேவைப்படாது. ஓட்டையைக் கண்டுபிடித்தால் போதும். விவரம் தெரிந்த மெக்கானிக் அதைச் செய்யும் விதம் சைக்கிள் கடை விதம்தான். என்ஜினை நிறுத்திவிட்டு, காற்று நுழையும் வாயை அடைத்து, மெதுவாகக் காற்றடிப்பார். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுவார். எங்கே குமிழ் வருகிறதோ, அங்கே ஸ்குரூடிரைவர் போகும்.