ஓராண்டின் கதை: கி. பி. 1258

சரித்திர நூல்கள் பெரும்பாலும் நாடுகளை வரம்பாகக் கொண்டு எழுதப்படுகின்றன. இங்கிலாந்தின் சரித்திரம் ஒரு நூல். பாரசீகத்தின் சரித்திரம் மற்றொரு நூல். ஈழத்தின் சரித்திரம் வேறொரு நூல். இம்முறை கற்பிப்போருக்கும் கற்போருக்கும் எளிதானதே. ஆயினும், ஒரு நாட்டில் மன்னன் முடிசூடிய அதே மாதத்தில் மற்றொரு நாட்டில் என்ன நிகழ்ந்தது என்பதை இம்முறை நமக்குக் காட்டுவதில்லை. உலகப் படத்தை முன்னே விரித்து, ஓர் ஆண்டை மாத்திரம் தெரிந்தெடுத்து, அதன் நெடுக்கே விரலை ஓட்டிச் சென்றால் வேறொரு சரித்திரம் தோன்றும். அவ்வாறு நோக்குவதற்கு மத்திய காலத்திலே கி. பி. 1258ஆம் ஆண்டு மிகவும் தகுந்தது. அது சக ஆண்டுக் கணக்கில் 1180. ஹிஜ்ரிக் கணக்கில் 656.

பக்தாத்தின் வீழ்ச்சி

கி. பி. 762இல் கலீபா அல் மன்சூர் தைகிரிஸ் நதிக்கரையில் பக்தாத் நகரை நிறுவினார். அதன் பின்னர் ஐந்து நூற்றாண்டுக் காலம் அந்நகர் கல்விக்கும் வாணிகத்துக்கும் நடுநாயகமாய் விளங்கிற்று. கிரேக்கரின் மருத்துவமும் தத்துவமும் அங்கேதான் அறபு மொழியில் ஏறின. இந்தியரின் கணிதமும் அங்கே பயிலப்பட்டது. 1234ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முஸ்தன்சிரிய்யாக் கல்லூரி பெரியதொரு நூல்நிலையத்தை உடையதாயிருந்தது.

செங்கிஸ்கானின் பேரனாகிய ஹுலாகு, தன் தமையன் மொங்கே கானின் ஆணையைத் தலைமேற்கொண்டு மேற்றிசை நோக்கிப் புறப்பட்டான். பணிந்து வருமாறு அவன் விடுத்த ஓலையைக் கலீபா அல் முஸ்தஅசிம் ஏற்கவில்லை. ஏற்காதவர் போருக்கு வேண்டிய ஆயத்தங்களையும் செய்தாரில்லை. 1258 ஜனவரி இறுதியில் நகர் முற்றுகையிடப்பட்டது. பெப்ரவரி 10ஆந் திகதி பக்தாத் பணிந்தது. அதன் பின் பல நாட்கள் கொலையும் கொள்ளையும் தொடர்ந்தன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என ஹுலாகுவே நான்கு ஆண்டுகளின் பின் பிரான்சிய மன்னனுக்கு எழுதிய திருமுகத்திற் பெருமையுடன் குறிப்பிட்டான். பெப்ரவரி 20ஆந் திகதி கலீபாவும் கொல்லப்பட்டார். அரச குருதி மண்ணிற் சிந்தலாகாது என்பது மொங்கோலியரின் நம்பிக்கை. ஆதலின் அவரைக் கம்பளத்திற் சுருட்டிக் குதிரைகளின் கால்களில் மிதிபட வைத்தனர் என்று பலரும் எழுதியுள்ளனர்.

நூல்களைத் தைகிரிஸ் நதியில் எறிந்தமையால் அதன் நீர் மையினாற் கறுத்து ஓடிற்று எனப் பிற்காலத்தார் கூறுவர். இது மிகைக் கூற்றாயிருத்தல் கூடும். எனினும் மாண்டவர் தொகைக்கு அடுத்தபடியாக மக்கள் நெஞ்சில் நின்றது நூல்களின் அழிவே என்பதை இக்கூற்று காட்டுகின்றது.

அழிவின் நடுவே இருவர்

அந்த நாட்களிலே பக்தாத்தில் இபுனு அல் புவத்தி என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். மொங்கோலியர் அவனைச் சிறைப்பிடித்து வடக்கே கொண்டு சென்றனர். ஹுலாகுவின் அவையிலே நசீருத்தீன் தூசி என்னும் பேரறிஞர் இருந்தார். அவருடைய வேண்டுகோளின்படி 1259ஆம் ஆண்டில் மராகா என்னும் ஊரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. பக்தாத்திலும் பிற நகரங்களிலும் எஞ்சிய சுவடிகள் அங்கு கொண்டுவந்து சேர்க்கப்பட்டன. அவற்றின் தொகை நான்கு இலட்சம் எனப் பழைய ஆசிரியர் கூறுவர். சிறைப்பட்ட சிறுவன் தூசியின் ஆதரவைப் பெற்று அந்நூல்நிலையத்தின் காவலனானான். ஆண்டுகள் பல சென்றபின் தன் பிறந்த நகருக்கு மீண்டு, முஸ்தன்சிரிய்யாக் கல்லூரியின் நூல்நிலையத்தைப் பொறுப்பேற்றான். தன் காலத்து அறிஞரின் வரலாறுகளைத் திரட்டிப் பேரகராதி ஒன்றும் எழுதினான். நகரை அழித்தவனே நட்சத்திரங்களை அளக்கப் பொருள் வழங்கினான். அவனாற் சிறைப்பட்ட சிறுவனே சுவடிகளைக் காத்து நின்றான்.

மற்றொருவர் யாகூத் என்னும் எழுத்துக் கலைஞர். இறுதிக் கலீபாவின் அரண்மனையிற் பணிபுரிந்தவர். நகர் சூறையாடப்பட்ட வேளையில் அவர் ஒரு பள்ளிவாசற் கோபுரத்தில் ஒளிந்துகொண்டார் என்றும், எழுதக் கடதாசி இல்லாமையால் துணியொன்றை விரித்து அதிலே எழுத்துப் பயின்றுகொண்டிருந்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவர் அதன்பின் நாற்பதாண்டு வாழ்ந்து, அறபு எழுத்துக் கலைக்கு இலக்கணம் வகுத்தவருள் ஒருவராய் மதிக்கப்பட்டமை உண்மை.

சீராசின் பூந்தோட்டம்

தெற்கே பாரசீகத்தின் சீராஸ் நகரத்தை ஆண்ட மன்னன் மொங்கோலியருக்குத் திறை செலுத்தினான், நகர் பிழைத்தது. அந்நகரிலே சாதி என்னும் கவிஞர், பல்லாண்டு நாடு பல சுற்றியபின் வந்து தங்கியிருந்தார். பக்தாத் அழிந்த அதே ஆண்டில் அவர் ‘குலிஸ்தான்’ என்னும் நூலை எழுதி முடித்தார். ‘பூந்தோட்டம்’ என்பது அதன் பொருள். உரையும் பாட்டும் விரவிய எட்டு அதிகாரங்களில் அரசர் இயல்பு, துறவியர் ஒழுக்கம், போதுமென்ற மனம், மௌனத்தின் பயன், இளமை, முதுமை, கல்வி ஆகியவற்றைச் சிறு சிறு கதைகளாற் கூறுகின்றது. நாடே நடுங்கிய காலத்திற் பூந்தோட்டம் பாடியவர் உலகை அறியாதவர் என எண்ணுதல் தவறு. கலீபாவின் முடிவை எண்ணி அறபு மொழியிலும் பாரசீகத்திலும் இரங்கற் பாக்கள் இயற்றியவரும் அவரே. ஹுலாகுவின் வமிசம் பாரசீகத்தை ஆண்டது எண்பதாண்டுக் காலமே. சாதியின் நூலோ, பாரசீகம் பயின்ற தேசங்களிலெல்லாம், இந்தியா உட்பட, பல நூற்றாண்டு பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலாயிருந்தது.

மேற்றிசையில் ஒரு கடனும் ஒரு சாசனமும்

இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி, தன் இளைய மகனுக்குச் சிசிலியின் முடியைப் பெறுவதற்காகப் போப்பரசருக்குப் பெருந்தொகை தருவதாக வாக்களித்திருந்தான். கடன் தீர்க்க வழியின்றி அவன் பிரபுக்களை நாடினான். அவர்களோ பணத்துக்கு முன் ஆட்சிச் சீர்திருத்தத்தைக் கேட்டனர். 1258 யூன் மாதத்தில் ஒக்ஸ்போர்டிலே கூடி வகுத்த விதிகளின்படி, மன்னன் பதினைவர் கொண்ட ஆலோசனைச் சபையின் சொற்படி நடத்தல் வேண்டும். ஆண்டில் மூன்று முறை பாராளுமன்றம் கூடுதல் வேண்டும். ஓகஸ்ட் மாதத்திலே சிசிலியின் முடியை மன்பிரெட் என்பவன் பலேர்மோ நகரில் தானே சூடிக்கொண்டான். ஹென்றிக்கு முடியும் கிடைக்கவில்லை, அதிகாரமும் குறைந்தது.

இலக்கிய மாணவர் கருத்தில் இருத்தவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஒக்டோபர் 18ஆந் திகதி மன்னன் இவ்விதிகளை உறுதி செய்து அறிக்கை விடுத்தான். அவ்வறிக்கை இலத்தீனிலும் பிரெஞ்சிலும் மாத்திரமன்றி ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பப்பட்டது. 1066இல் நோர்மானியர் வந்தபின் அரச அலுவல்களிலிருந்து ஒதுக்கப்பட்டு, உழவர் மொழியெனக் கருதப்பட்டிருந்த ஆங்கிலம், ஏறக்குறைய இருநூறு ஆண்டின் பின் அரசனின் பெயராற் பேசிற்று. பிரபுக்களுக்கு மக்களின் ஆதரவு வேண்டியிருந்தது. மக்களிடம் செல்வதற்கு அவர்களுடைய மொழி வேண்டியிருந்தது. விதிகள் சில ஆண்டுகளில் வலுவிழந்தன. மொழி பின்னர் முழு உரிமை பெற்றது.

பஞ்சமும் எரிமலையும்

அதே ஆண்டில் இங்கிலாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. வசந்தத்திலும் வடகாற்று நின்றபாடில்லை, பயிர்கள் முளைக்கவில்லை. சென் அல்பன்சு மடத்துத் துறவியாகிய மத்தேயு பாரிஸ், இலண்டனில் ஏழைகள் பதினையாயிரவர் பசியால் மாண்டனர் எனத் தம் நூலில் எழுதிவைத்தார். அக்குளிரின் காரணத்தை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

கிறீன்லாந்திலும் தென்துருவத்திலும் பனிக்கட்டியைத் துளைத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், இக்காலத்தைக் குறிக்கும் படைகளில் மிகுதியான கந்தகச் சுவட்டைக் கண்டனர். எங்கோ ஒரு பெரிய எரிமலை வெடித்திருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. எந்த மலை என்பது நெடுநாள் புலப்படவில்லை. 2013ஆம் ஆண்டிலேதான், இந்தோனீசியாவின் லொம்பொக் தீவிலுள்ள சமலாஸ் என்னும் மலை 1257இல் வெடித்தமையே அது என ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அம்மலை வெடித்ததையும், பமத்தான் என்னும் நகர் புதையுண்டதையும் அத்தீவின் ஓலைச்சுவடிகள் முன்னரே கூறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டென்பர். எனினும் கீழ்த்திசைக் கடலில் எழுந்த புகை உலகின் வானை மறைத்ததில் ஐயமில்லை.

நமது கடல்களில்

பாண்டிய நாட்டிலே 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியனின் கை ஓங்கியிருந்த காலம் இது. தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன்வேய்ந்த மன்னன் அவனே. ஈழத்தில் தம்பதெனியாவிலிருந்து இரண்டாம் பராக்கிரமபாகு ஆண்டான். வடபகுதியிலோ, மலாயத் தீபகற்பத்துத் தாம்பிரலிங்க நாட்டிலிருந்து 1247இற் படையுடன் வந்த சாவக மன்னன் சந்திரபானுவின் ஆதிக்கம் நிலவிற்று. 1258ஐ ஒட்டிப் பாண்டியர் படை கடல் கடந்து வந்து சந்திரபானுவைத் திறை செலுத்தச் செய்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. சில ஆண்டுகளின் பின் வீரபாண்டியன் மீண்டும் வந்து சாவகனைக் கொன்று, திருகோணமலையிலே கயற்கொடி பொறித்தமையைக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகின்றது. சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயர் அக்காலத்தின் நினைவாகவே நிற்கின்றது என அறிஞர் கருதுவர்.

பிறந்தோரும் இறந்தோரும்

அவ்வாண்டு மறைந்தோருள் ஒருவர் சூபி ஞானி அபுல் ஹசன் அல் ஷாதுலி. மக்கா யாத்திரை செல்லும் வழியில், எகிப்தின் பாலைவனத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் பெயரால் வழங்கும் ஷாதுலிய்யா நெறியினர் நம் நாட்டிலும் காயல்பட்டினத்திலும் வாழ்கின்றனர். நைசீயாவின் பேரரசனும் தத்துவ நூலாசிரியனுமாகிய இரண்டாம் தியோடர் லஸ்காரிசும் ஓகஸ்ட் மாதத்தில் இறந்தான்.

பிறப்புக்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. உதுமானியப் பேரரசின் முதல்வனாகிய உஸ்மான் அவ்வாண்டிற் பிறந்தான் என்பது துருக்கியர் மரபு. மற்றையது வியட்நாமில் நிகழ்ந்தது. பக்தாத் முற்றுகையிடப்பட்ட அதே ஜனவரி இறுதியில், தங்லோங் நகரைக் கைப்பற்றியிருந்த மற்றொரு மொங்கோலியப் படையை வியட்நாமியர் எதிர்த்துத் துரத்தினர். அங்கு வென்ற மன்னனுக்கு அவ்வாண்டின் இறுதியில் ஒரு பேரன் பிறந்தான். திரான் நியான் தொங் என்னும் அவன் வளர்ந்து அரசனாகி, 1285இலும் 1288இலும் மொங்கோலியரை மீண்டும் முறியடித்தான். பின்னர் முடியைத் துறந்து பௌத்தத் துறவியாகி, ஒரு தியான நெறியை நிறுவினான்.

வகுப்பறையில் இவை யாவும் வெவ்வேறு பாடங்கள். ஆனால் இவற்றை வாழ்ந்து கடந்தோருக்கு எல்லாம் ஒரே கோடையும் ஒரே மாரியுமாகும். ஒக்ஸ்போர்டிற் கூடிய பிரபுவுக்குப் பக்தாத்தின் அழிவு தூரத்துச் செய்தி. லொம்பொக்கிற் புதையுண்ட உழவனின் பெயர் இன்றும் ஒருவருக்கும் தெரியாது. அவன் மலையின் சாம்பலே இலண்டன் ஏழையின் வயலிலும் நிழல் வீழ்த்திற்று. இதனை நாம் அறிவது மன்னரின் வெற்றித் தூண்களால் அன்று. ஒரு துறவியின் குறிப்பாலும், ஒரு தீவின் ஓலையாலும், பனிக்கட்டியில் ஒடுங்கிய கந்தகத்தாலுமே. ஆசிரியர் தம் மாணாக்கருக்கு ஓராண்டைக் கொடுத்து, உலகப் படத்தில் அதனைத் தேடிக் குறித்துவரும்படி ஏவுவாராயின், பரீட்சைக்கு வேண்டிய திகதிகளுடன் வேறொன்றும் அவர்களுக்கு வாய்க்கும். பதினான்கு வயதிற் சிறைப்பட்டுச் சென்ற ஒரு சிறுவன், தன் வயதொத்தவன், பின்னாளிற் சுவடிகளைக் காக்கத் தன் ஊருக்குத் திரும்பி வந்தான் என்பதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.