ஹாஸ்டலா, வாடகை வீடா? பிள்ளைக்கு ஃபிளாட் எடுத்துக் கொடுக்கும் முன்

கல்லூரியில் முதலாம் ஆண்டு முடிந்து இரண்டாம் ஆண்டு தொடங்கும் நேரத்தில், ஜும்ஆ முடிந்ததும் பெற்றோர் நம்மிடம் கொண்டு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. “பையன் ஹாஸ்டலில் இருக்க மாட்டேன் என்கிறான் ஹள்ரத். நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறார்களாம். விடலாமா?”

விடலாம், விடக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிவதில்லை. காரணம், இந்தக் கேள்விக்குள் தொழுகை இருக்கிறது, பணம் இருக்கிறது, பெற்றோர் கவனிக்காமலேயே வட்டியும் நுழைந்துவிடுகிறது.

பிள்ளைகள் சொல்லும் காரணங்களை முதலில் நியாயமாகக் கேட்க வேண்டும். பொதுக் கல்லூரி ஹாஸ்டல்களில் கறி ஹலாலா என்று மெஸ் பொறுப்பாளரிடம் கேட்டால் அவருக்கே தெரிவதில்லை. பிள்ளை மூன்று வருடமும் சாம்பார், ரசத்தோடு ஓட்டுகிறான். ரமளானில் சஹர் நேரத்துக்கு மெஸ் திறப்பதில்லை. இரவே வாங்கி வைத்த ரொட்டியும் வாழைப்பழமும்தான் சஹர். காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறக்கும் என்றால் பஜ்ர் ஜமாஅத்துக்குப் போக வழியே இல்லை. இவை உண்மையான சிரமங்கள். “நாங்கள் எல்லாம் அப்படித்தானே படித்தோம்” என்று சொல்லி இவற்றைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் மறுபக்கமும் நாம் பார்த்ததுதான். சஹர் கிடைக்கவில்லை என்று வெளியே வந்த பிள்ளைகள், ஃபிளாட்டில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து, சஹர் சாப்பிட்ட கையோடு பஜ்ருக்கு முன்பே தூங்கிப் போகிறார்கள். ஹாஸ்டலில் கதவைத் தட்டி எழுப்ப ஒருவராவது இருந்தார். இங்கே நான்கு பேரும் ஒரே மாதிரி என்றால் யார் யாரை எழுப்புவது? ஆகவே வீட்டைவிட, அந்த மற்ற மூன்று பேர் யார் என்பதே முதல் கேள்வி. வாடகை எவ்வளவு என்று விசாரிக்கும் தந்தை, அந்த மூன்று பிள்ளைகளின் தந்தையரோடு போனில் பத்து நிமிடம் பேசிவிட வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

சென்னை புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு வளாகத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே ஹாஸ்டல் இடம் கிடைத்திருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளாவது வெளியே வர அவசரம் வேண்டாம் என்பதே நமது கருத்து.

அடுத்தது பணம். “ஹாஸ்டலைவிட மலிவு வாப்பா” என்று பிள்ளை போடும் கணக்கில் பாதிதான் இருக்கும். உதாரணத்துக்கு வாடகை 20,000 ரூபாய், நான்கு பேர் என்றால் தலைக்கு 5,000 என்று நின்றுவிடுவான். புரோக்கருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை, மாதப் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் கேன், கேஸ், பாத்திரம், மெத்தை, மின்விசிறி, காலி செய்யும்போது பெயிண்டிங் என்று பிடிக்கும் இன்னொரு மாத வாடகை என எதுவும் அவன் தாளில் இருக்காது. கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து இருக்கும் மாதங்களுக்கும் வாடகை உண்டு. இத்தனையையும் கூட்டிய பிறகும் கட்டுப்படியானால் சரி. (“பேச்சிலர்களுக்கு இல்லை” என்று தொடங்கி, பெயரைக் கேட்டதும் “வீடு முடிந்துவிட்டது” என்று முடியும் அலைச்சலுக்குக் கணக்கு ஏதும் இல்லை. அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. முதல் முறை கேட்கும்போது மனம் ஒடிந்துவிடுகிறார்கள்.)

நாம் அதிகம் கவலைப்படுவது லீஸ் விஷயத்தில்தான். மாத வாடகை கொடுத்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, ஐந்து லட்சமோ ஏழு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருடம் வாடகை இல்லை, படிப்பு முடிந்ததும் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும் என்று புரோக்கர் சொல்வார். தென் மாவட்டங்களில் நாம் ஒத்தி என்று சொல்வதும் இதுவே. வெளிநாட்டில் சம்பாதிக்கும் தந்தைக்கு இது மிக நல்ல ஏற்பாடாகத் தோன்றும்.

மார்க்கச் சட்டப்படி பார்த்தால், திரும்பத் தர வேண்டிய பணம், வாங்கியவர் செலவழித்துக்கொள்ளும் பணம், கடன்தான். அதற்கு அட்வான்ஸ், லீஸ் என்று எந்தப் பெயர் வைத்தாலும் அதன் தன்மை மாறாது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காக ஒரு பலனை நிபந்தனையாகப் பெற்றால் அது வட்டியின் வகை என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபு அறிஞர்களும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். இங்கே பலன், மூன்று வருடம் இலவசமாகக் குடியிருப்பது. பணமாக வாங்கினால்தான் வட்டி, வீடாக வாங்கினால் இல்லை என்று நினைப்பது தவறு. பெயருக்கு மாதம் 100 ரூபாய் வாடகை என்று எழுதிக்கொண்டாலும், பெருந்தொகை கொடுத்ததற்காகத்தான் வாடகை அவ்வளவு குறைந்தது என்பது இருவருக்கும் தெரியும். பிற்கால ஹனஃபி நூல்களில் ‘பைஉல் வஃபா’ என்று ஒரு விவாதம் உண்டு. சிலர் அதை இங்கே எடுத்துக்காட்டுவார்கள். அது விற்பனை ஒப்பந்தம் பற்றிய பேச்சு. சென்னையில் நடக்கும் லீஸில் யாரும் வீட்டை விற்பதில்லை.

உலகக் கணக்கிலும் இதில் ஆபத்து இருக்கிறது. வீட்டின் மீது உரிமையாளர் வங்கிக் கடன் வாங்கியிருந்து, அதைக் கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும். லீஸ் பணத்தைத் திரும்பப் பெறப் பிள்ளையின் தந்தை வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான். ஆகவே நியாயமான மாத வாடகை, அளவான அட்வான்ஸ் என்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு? சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது நெடுநாள் வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. ‘வேறு உடன்பாடு’ என்ற அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. எனவே கையெழுத்துக்கு முன்பே பேச வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதும் இந்தச் சட்டம்தான். தகராறு வந்தாலும் குடிநீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது. அதேபோல் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு ஆள் சேர்க்க நமக்கும் உரிமை இல்லை. நான்கு பேர் என்று சொல்லி எடுத்த வீட்டில் ஏழு பேர் தங்குவதைப் பிள்ளைகள் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். இஜாரா ஒப்பந்தத்தில் பேசிய அளவைத் தாண்டிப் பயன்படுத்துவது அடுத்தவர் சொத்தில் அத்துமீறுவதாகும். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அவன் போடும் கையெழுத்துச் செல்லாது. தந்தையே போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒருவன் பெயர்தான் இருக்கும். பாதியில் மற்றொருவன் வேலை கிடைத்தோ சண்டை போட்டோ போய்விட்டால், அவன் பங்கு வாடகை கையெழுத்துப் போட்டவன் தலையில் விழும். இதற்காகப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: போகிறவன் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸில் அவன் பங்கு எப்போது திரும்பும். “நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு” என்பார்கள். கடனை எழுதி வைக்கும்படி குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தில் வரும் கட்டளை, நண்பர்களுக்கு விலக்குத் தரவில்லை.

சமையல் செலவில் இவ்வளவு கறார் தேவையில்லை. உணவு குறையும்போது இருப்பதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியது ஹதீஸில் வருகிறது. ஒருவன் நாலு தோசை, மற்றவன் இரண்டு என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மாதப் பொதுப் பணத்தில் கொடுக்காமல் விட்டது கடனாகவே நிற்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நமது பதில் வேறு. தோழிகள் மட்டும் சேர்ந்து தனி வீடு எடுப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. உம்மாவோ, உம்மம்மாவோ உடன் வந்து தங்க முடியும் என்றால் ஹாஸ்டலைவிட அந்த வீடு சிறந்தது. நம் ஊர்களில் பல குடும்பங்கள் மகளின் படிப்புக்காக அப்படிச் சென்னையில் வந்து தங்கியிருக்கின்றன. அது முடியாது என்பதற்காகப் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். கல்லூரி ஹாஸ்டல் இருக்கிறது, தனியார் மகளிர் விடுதிகளும் இருக்கின்றன. பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணம் கட்டும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.

கடைசியாக, வீடு எடுத்த பிள்ளைகள் நம்மிடம் நேரடியாகக் கேட்பது: “நாங்கள் முசாபிர்தானே, கஸ்ரு செய்யலாமா?” இல்லை. ஓரிடத்தில் 15 நாள் தங்க எண்ணினாலே ஹனஃபியில் முழுத் தொழுகை. ஷாஃபிஈயில் வந்த நாள், போகும் நாள் நீங்கலாக நான்கு நாள் போதும். 11 மாத ஒப்பந்தம் போட்டவருக்கு இரண்டு மத்ஹபிலும் சலுகை கிடையாது. விடுமுறையில் ஊர் திரும்பும் ரயிலில் உண்டு. அப்படியே, நான்கைந்து பேர் சேர்ந்து ஃபிளாட்டிலேயே ஜும்ஆ நடத்திக்கொள்வதும் ஷாஃபிஈயில் நிறைவேறாது. அந்தத் தொகைக்கு ஊரிலேயே நிலையாகக் குடியிருக்கும் நாற்பது பேர் வேண்டும். படிக்க வந்து தங்கியிருப்பவர் மீது ஜும்ஆ கடமையே தவிர, அந்த நாற்பதில் அவர் சேரமாட்டார். வீட்டிலிருந்து பள்ளிவாசல் எத்தனை நிமிட நடை என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நடந்து பார்த்துக்கொள்ளட்டும். முதல் வாரத்திலேயே அந்த மஹல்லா இமாமிடம் தங்கள் பெயரையும், தந்தையின் போன் நம்பரையும் கொடுத்து வைக்கட்டும்.