இறப்பர் விதையும் கணக்கறிவும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபினர் நாம். ஆயினும், கணக்கு என்றவுடன் நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். காரணம் யாது? வாய்பாட்டை மனனஞ் செய்விக்கின்றோம், சிந்திக்கப் பழக்குகின்றோமில்லை.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே இக்குறை தீர்க்குங் கருவி மரத்தடியிற் கிடக்கின்றது. இறப்பர்க் காய் வெடித்துச் சிதறும் விதைகளையே குறிக்கின்றேன். காய் ஒன்றில் மூன்று விதைகள் எனக் கொள்வோம். பல்லாங்குழிக்கோ 14 குழிகள். குழிக்கு ஐந்தாக இட 70 விதைகள் வேண்டும். எத்தனை காய்கள் தேவை?

"23, மீதி 1" என்பான் ஒருவன். அவன் வகுத்தல் அறிந்தவன். "24 காய்கள் வேண்டும், இரண்டு விதைகள் மிஞ்சும்" என்பாள் மற்றொருத்தி. அவளே கணக்கு அறிந்தவள். இவ்விரு விடைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடப்பிப்பதே ஆசிரியர் கடமை.

ஆட்டந் தொடங்கிய பின்னரோ, எக்குழியில் எடுத்தால் இறுதி விதை எங்கு விழும் என்று கை அசையுமுன் மனம் எண்ணுகின்றது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பச்சை இறப்பர் விதை நஞ்சுடையது, சிறுவர் அதனை வாயிலிடலாகாது. அஞ்சுவோர் புளியங்கொட்டை கொள்க.

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி கூறுகின்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் 100 ஆயின் சுளைகள் 120. இதனைப் பிள்ளைகள் அப்படியே நம்ப வேண்டா. சப்பிரகமுவாவிற் பலாவுக்குப் பஞ்சமில்லை. பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்கட்டும். நூலின் கூற்றையுஞ் சோதித்தறியும் துணிவே கணிதத்தின் உயிர்.

விளையாட்டுத்தானே என்று இதனை இகழற்க. முன்னாளில் தோட்டத் தொழிலாளியின் கடன் தொகை 'துண்டு' எனுஞ் சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்தினாலன்றி அவன் வேறு தோட்டம் புக முடியாது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தம்மைப் பிணித்த தொகை சரியோ என்று கூட்டிப் பார்க்க அறியாதவர் எத்துணையர்!

இன்றுங் கொழுந்து தராசில் ஏறுகின்றது; சம்பளச் சீட்டுங் கைக்கு வருகின்றது. குழியில் விதை எண்ணிப் பழகிய பிள்ளை, அச்சீட்டை வாங்கி, "இருங்கள் அம்மா, ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லுமாயின், நம் உழைப்பு வீண்போகவில்லை.