எட்வர்டுக்கு இரண்டு முடிவுகள்

(சர்ச் ஸ்ட்ரீட் அலமாரிகள் – 11)

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் போன்ற புத்தகக் கடைகளின் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) அடுக்குக்கு முன்னால் நிற்பவரின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எப்படி முடிகிறது? எட்வர்ட் தம்பியைப் பிரிந்து ஜெர்மனியில் மாட்டிக்கொள்கிறான் என்பவர் அநேகமாக முப்பதைத் தாண்டியவர். 2004இல் இந்தியாவுக்கு வந்த அனிமேக்ஸ் சேனலைப் பள்ளிவிட்டு வந்து பார்த்த தலைமுறை. தோழி வின்ரியிடம் ரயில் நிலையத்தில் தன் மனதைச் சொல்கிறான் என்பவர் ஓடிடியில் பார்த்த இளையவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். (இரண்டு முடிவையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.)

ஹொக்கைடோவின் பால்பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹிரோமு அராகாவா, 2001இல் ஒரு மாத இதழில் இந்தத் தொடரைத் தொடங்கினார். இறந்துபோன தாயை ரசவாதத்தால் எழுப்பப் பார்த்த இரண்டு சிறுவர்களின் கதை. தம்பி அல்ஃபோன்ஸுக்கு உடல் முழுவதும் போய்விடுகிறது. அண்ணன் எட்வர்டுக்கு ஒரு கால். தம்பியின் உயிரை இரும்புக் கவசத்தில் பிடித்துவைக்க ஒரு கையும் கொடுக்கிறான். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்குச் சமமானதைக் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் உலகத்தின் சட்டம்.

2003 அக்டோபரில் போன்ஸ் ஸ்டுடியோ இதை டிவிக்குக் கொண்டுவந்தபோது மாங்கா பாதியைக்கூட எட்டவில்லை. டிவிக்கு வாரம் ஓர் எபிசோட் வேண்டும், பத்திரிகையிலோ மாதம் ஓர் அத்தியாயம்தான். கதை எங்கே தீர்ந்துபோகும் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று அராகாவா ஸ்டுடியோவிடம் விட்டுவிட்டார்.

இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவும் கதாசிரியர் ஷோ ஐகாவாவும் அந்தச் சுதந்திரத்தை இரக்கமில்லாமல் பயன்படுத்தினார்கள். சமப் பரிமாற்றம் என்ற சட்டமே பொய், எவ்வளவு கொடுத்தாலும் சிலருக்கு ஒன்றும் கிடைக்காது என்று வில்லி டான்டே எட்வர்டின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எட்வர்ட் கொல்லப்படுகிறான். தம்பி தன்னையே கொடுத்து அண்ணனை மீட்கிறான். அண்ணன் பதிலுக்குத் தன்னைக் கொடுக்கிறான். அல்ஃபோன்ஸுக்கு உடல் கிடைக்கிறது. ஆனால் பத்து வயதுப் பையனின் உடல், அண்ணனோடு அலைந்த வருடங்களின் ஞாபகம் துளியும் இல்லை. எட்வர்ட் வந்து விழுவது நம் உலகத்தில், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், ரசவாதம் செல்லாத இடத்தில். 2005இல் வந்த திரைப்படம் அவனை 1923இன் மியூனிக் வரை, ஹிட்லரின் முதல் கலகம் வரை கூட்டிப்போகிறது. சிறுவர் தொடர் ஒன்று அங்கே போய் நிற்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

அராகாவா தன் முடிவுக்கு 2010 ஜூன் வரை, 27 தொகுதிகள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ரசவாதத்தின் வாசல் ஒன்று இருக்கிறது என்பதைக் கதை முன்பே காட்டியிருக்கும். கடைசியில் எட்வர்ட் அந்த வாசலையே தம்பிக்கு விலையாக வைக்கிறான். இனி அவன் ரசவாதி இல்லை, சாதாரண மனுஷன். பன்னிரண்டு வயதில் அரசாங்க ரசவாதி என்று பெயரெடுத்தவன் அந்தப் பெயரையே விட்டுக்கொடுக்கிறான். பிறகு அல்ஃபோன்ஸ் ஒரு யோசனை சொல்கிறான்: பத்து வாங்கினால் பதினொன்றாகத் திருப்பிக் கொடுப்போம். டான்டே பொய் என்று தூக்கியெறிந்த சட்டத்தை இவர்கள் ஒன்று கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். 2009இல் போன்ஸ் ஸ்டுடியோவே மறுபடி தொடங்கிய 'பிரதர்ஹுட்' இந்த முடிவைத்தான் எடுத்தது. மாங்கா முடிந்து ஒரு மாதத்துக்குள், 2010 ஜூலை 4 அன்று, அதுவும் முடிந்தது.

எது சிறந்தது? கட்டுமானத்தில் மாங்காவுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அதன் கடைசிப் பக்கங்கள் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடுகின்றன. எட்வர்டின் மேலதிகாரி கர்னல் மஸ்டாங்கின் போன பார்வைகூடத் திரும்பிவிடுகிறது, அதுவும் மனித உயிர்களை உருக்கிச் செய்த கல்லால். அது எதனால் ஆனது என்று தெரிந்தபின், தங்கள் உடலை மீட்க அந்தக் கல்லைத் தொடமாட்டோம் என்று சகோதரர்கள் பிடிவாதம் பிடித்தார்களே, அதை ஆசிரியரே கொஞ்சம் மலிவாக்கிவிட்டார். 2003இன் முடிவில் இந்தச் சலுகை யாருக்கும் இல்லை. போனது போனதுதான்.

மூலத்தை மாற்றுவது என்றதும் நம் ஊர் வாசகர்களுக்கு 'பொன்னியின் செல்வன்' ஞாபகம் வரும். கல்கியின் நாவலில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். 2023இல் வந்த மணிரத்னத்தின் இரண்டாம் பாகத்தில் அவள் பாத்திரமே கிடையாது. 1954இலேயே முடிந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டுவது ஒரு தேர்வு. ஐகாவாவுக்கு வெட்டுவதற்கே புத்தகம் இல்லை. இரண்டையும் 'மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற ஒரே புகாரில் அடைப்பது நியாயமில்லை.

மூன்றாவது வகையும் உண்டு. ஹஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' மாங்கா 2021 ஏப்ரலில் முடிந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். உலகத்தையே மிதித்து அழித்த எரெனுக்கு நண்பன் அர்மின் நன்றி சொல்வதுபோல வந்த வசனம்தான் பெரிய காரணம். 2023 நவம்பரில் அனிமேயின் கடைசி எபிசோட் வந்தபோது அந்த உரையாடலை இசயாமாவே திருத்தி எழுதியிருந்தார். அர்மின் இப்போது பழியில் தனக்கும் பங்கு உண்டு என்கிறான், நரகத்துக்கும் சேர்ந்தே போவோம் என்கிறான். சம்பவங்கள் ஏறக்குறைய அதேதான், நியாயத் தராசு மட்டும் வேறு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: அனிமேயின் முடிவுதான் மேல்.

ஃபுல்மெட்டலை இனிமேல் தொடங்குகிறவர்களுக்கு: 2003 தொடரை முதலில் பாருங்கள், மாங்காவைப் பிறகு வாங்குங்கள். வரிசையை மாற்றினால் பழைய தொடரில் ஒவ்வொரு காட்சியிலும் 'இது கதையில் இல்லையே' என்றுதான் தோன்றும்.

அடுத்த வாரம் 'ஸ்லாம் டங்க்'. 1996இல் நின்றுபோன டிவி தொடர் தொடாமல் விட்ட ஆட்டத்தை, ஆசிரியர் தகேஹிகோ இனோவே 2022இல் தானே இயக்கிப் படமாக்கிய கதை.